மூன்றாம் பாயில் ஒரு குண்டு பாக்கி

குப்புறப் படுத்திருப்பவரின் கணுக்காலில் ஷூ முனையால் ஒரு தட்டு. பிறகு அடுத்த பாய். அங்கே இன்னொரு கணுக்கால், அதற்கும் ஒரு தட்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்படிப் பாய் பாயாகத் தட்டிக்கொண்டே போகிறவர், சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி தயாரிக்கிற ஆலையொன்றில் வெளுப்புப் பிரிவு சூப்பர்வைசர். தட்டு வாங்குகிறவர்கள் மில் முதலாளிகள், டாக்டர்கள், ஒரு வக்கீல், பிளவக்கல் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சிலர்.

"பெரிய பெரிய ஆளுகளயெல்லாம் வரிசையாக் குப்புறப் படுக்கப் போட்டு ஒருத்தன் காலால எத்துதானாம்லா" என்றார் ராஜபாளையத்து டீக்கடைக்காரர் ஒருவர். சொன்ன முகத்தில் கோபம் இல்லை. ரொம்ப நாளாக வேண்டிக்கொண்டது பலித்துவிட்ட சாந்தி இருந்தது.

இந்தப் பேச்சு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்குள் தட்டு உதையாகிவிட்டது. திரும்பி வருவதற்குள் உதைக்குக் காரணங்களும் கிடைத்துவிட்டன. அவர் ஏதோ ஒரு இயக்கத்து ஆள் என்றார் ஒருவர். முதலாளிமாரின் தோஷம் கழிய ஜோசியர் எழுதிக்கொடுத்த பரிகாரம் அது என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆளுக்குக் காரணமே தேவைப்படவில்லை. எந்தக் கிழமை போனால் பார்க்கலாம் என்று மட்டும் கேட்டார்.

பத்திரிகைக்காரனான நான், எத்து வாங்கியவர்களில் ஒருவரைப் பிடித்து விசாரித்தேன். இம்மானுவேல், மாவு அரைக்கும் மெஷின்கள் விற்பவர். மறைக்கவில்லை.

"எத்துதான். இல்லங்கல. குறி கரெக்டா வந்து நிக்கிற நேரமாப் பாத்து டொக்குன்னு ஒண்ணு வைப்பான். 'இருக்கீயளா'ம்பான். 'இருக்கேன்'னு சொல்லணும். சொல்லலைன்னா மறுபடியும் ஒண்ணு. பத்துல விழ வேண்டிய குண்டு ஏழுல போயி விழும். கிளப் தலைவர்ட்ட சொல்லியாச்சு. நெனவுப் போட்டியன்னைக்கு எவன் காலையாச்சும் தொட்டான்னா விசிலப் புடுங்கிருவோம்னு."

"ஏன் அப்படிச் செய்கிறார்?"

இம்மானுவேல் கையிலிருந்த டம்ளரைச் சுற்றினார்.

"அத அவன்ட்டயே கேளுங்க."

"யாருடைய நினைவுப் போட்டி?"

"அதையும் அவன்ட்டயே கேளுங்க."

அந்த மனிதரின் பெயர் சமுத்திரம். பெயருக்கு ஏற்ற அகலம் கிடையாது. உலர்ந்த மனிதர். வெளுப்புத் தொட்டியில் வருடக்கணக்காகப் புழங்கிய விரல்கள் நுனியில் வெளிறி, வேறு யாருடையவோ போல இருக்கும். சட்டையில் எந்நேரமும் வெளுப்பு மருந்தின் நெடி; பக்கத்தில் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்த நினைப்பு வரும். வாரத்தில் ஆறு நாள் காயத்துக்குத் துணி, ஏழாம் நாள் துப்பாக்கி. இரண்டு தொழிலுக்கும் ஒன்றுக்கொன்று உறவு உண்டா என்று கேட்டால் சிரிக்கமாட்டார். "ரெண்டுலயும் கறை இருக்கப்பிடாது" என்பார். இதை வேடிக்கையாகச் சொல்கிறாரா என்பது அவர் முகத்தில் தெரியாது.

இரண்டு ஊருக்கும் நடுவே, மலையைப் பார்த்தபடி, மூடிப்போன ஒரு நூல் மில்லுக்குப் பின்னால் இருக்கிறது அந்தத் துப்பாக்கிச் சுடும் கழகம். ராஜபாளையத்துக்காரர்கள் அதைத் தங்கள் ஊர்க் கிளப் என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் தங்களுடையது என்பார்கள். போர்டில் எழுத்தெல்லாம் உதிர்ந்து 'கழகம்' என்பது மட்டும் மிஞ்சியிருப்பதால் சண்டை வரவில்லை. புதிதாக வருகிற ஒன்றிரண்டு பேர் கட்சி ஆபீஸ் என்று நினைத்து மனுவோடு வந்துவிடுவது உண்டு.

சமுத்திரம் அங்கே ரேஞ்ச் ஆபீசர். சம்பளம் இல்லாத பதவி. சந்தா கட்டாமல் உறுப்பினராக இருக்கலாம் என்பது ஒன்றுதான் ஆதாயம். விசில் அவரிடம், சிவப்புக் கொடியும் அவரிடம். ஆலையில் கழித்துப்போட்ட கட்டுத்துணியை நாலாக மடித்துத் தைத்து, சிவப்புச் சாயத்தில் முக்கி அவரே செய்த கொடி. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது கொடியாகத் தெரிகிறது. கிட்டே போனால் வேறு மாதிரி தெரியும். அந்தக் கொடி கம்பத்தில் ஏறினால் சுடுகிறார்கள் என்று அர்த்தம். படுத்திருக்கும் கடைசி ஆளின் கடைசிக் குண்டு முடிகிறவரை அது இறங்கக் கூடாது. கொடி இறங்காமல் எதிரே மண்மேட்டில் குத்தியிருக்கும் குறி அட்டையைப் பார்க்க ஒருவரும் போகக் கூடாது. முதலாளியானாலும் அதே சட்டம்தான். ராஜபாளையத்தில் மில் முதலாளிகள் ஒருவருடைய அனுமதிக்குக் காத்து நிற்கிற இடம் அந்தக் கம்பத்தடி ஒன்றாகத்தான் இருக்கும்.

போட்டிக்கு முந்தின நாள் கழகத்துக்குப் போனேன். ஏற்பாடுகளுக்காகச் சமுத்திரம் அன்று ஆலைக்கு லீவு சொல்லியிருந்தார். வதந்தியைச் சரிபார்க்கப் படுத்துப் பார்ப்பதைவிட வேறு வழி தெரியவில்லை. பாயில் குப்புறப் படுத்து, துப்பாக்கியின் மரக்கட்டையைக் கன்னத்தில் வைத்து, மண்மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது. வலிக்கவில்லை. கதவைத் தட்டுவது போல ஒரு தட்டு. உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பது போல.

"இருக்கீயளா?"

"இருக்கேன்."

அவர் போய்விட்டார். அடுத்த பாய் காலி. அங்கேயும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போனார். அது மூன்றாம் நம்பர் பாய்.

இந்தத் தட்டு கழகத்தோடு நிற்பதில்லை என்று பிறகு தெரிந்தது. டவுன் பஸ்ஸில் தூங்குகிறவர்களைச் சமுத்திரம் எழுப்பிவிடுவார். "அண்ணாச்சி, ஊரு வந்துருச்சு" என்பார். வந்திருக்காது. எழுந்தவர் திட்டுவார், அவர் நிம்மதியாக அடுத்த சீட்டுக்குப் போவார். கண்டக்டர்கள் அவரைப் பார்த்தாலே முன்பக்கம் நிற்கச் சொல்லிவிடுகிறார்கள். கடைவாசலில் நீட்டிப் படுத்திருந்த ஒரு நாயையும் தட்டிப் பார்த்தார். ராஜபாளையத்து நாய், 'இருக்கேன்' என்பதை முழங்காலுக்குக் கீழே பல்லால் சொன்னது. ஆலையில் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கண் அயர்கிற பெண்கள், இவர் வருகிற சத்தம் கேட்டால் காலை ஆட்டிக்கொண்டே தூங்கப் பழகிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் மனைவி அன்னத்தாய் கொடுத்த வாக்குமூலம் இது: "மனுசனத் தூங்க விடமாட்டாரு. செத்த நேரம் கண்ணசந்தா எழுப்பி, 'ஏட்டி, இருக்கியா'ம்பாரு. இருக்கேன்யா, எங்க போவேன், ஒம்மளக் கட்டிக்கிட்டு எங்க போக முடியும்னு சொல்லுவேன். அந்த ஏச்சக் கேட்டாத்தான் அவருக்குத் தூக்கம் வருது."

சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அன்னத்தாயும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சமுத்திரம் மட்டும் கொடியின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"எத்துதேன்னு சொல்லுதானுவ. எத்தல சார், தட்டுதேன். எதுக்குன்னு கேக்கத்தான வந்திய? ஒக்காருங்க."

அவர் சொன்னதையும், சம்பவம் நடந்த அன்று நான்காம் பாயில் படுத்திருந்த டாக்டர் சாம்சன் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சாம்சன் ஸ்ரீவில்லிபுத்தூரில் எலும்பு டாக்டர்.

படுத்துச் சுடுகிறவர்கள் ஒரு தோல் வாரை முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டி, அதன் மறுமுனையைத் துப்பாக்கியில் மாட்டிக்கொள்வார்கள். கை தானாகச் சரியாது. கன்னம் கட்டையின் மேல் இருக்கும், தலையும் சரியாது. மூச்சைப் பாதி விட்டு, அங்கேயே நிறுத்தி, விசையை அழுத்த வேண்டும். நன்றாகச் சுடுகிறவர் அசையவே மாட்டார். கல்லைப்போலக் கிடக்கிறவரைக் கழகத்தில் எல்லோரும் மரியாதையோடு பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பின்னால் நின்று பேசுவது, சாமி புறப்பாட்டுக்குக் குறுக்கே சைக்கிள் ஓட்டுவதற்குச் சமம்.

நவநீதகிருஷ்ணன் அப்படி ஒன்றும் அசையாத மனிதர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர். மோட்டார் பம்ப் சாமான்கள் கடை. பேசும்போது கை பேசும், உட்கார்ந்தால் கால் ஆடும். சுமாராகச் சுடுவார். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதப் போட்டியில் மூன்றாம் நம்பர் பாய் அவருடையது. ஒன்பது குண்டு சுட்டார். பத்தாவதை உள்ளே ஏற்றினார். கன்னத்தைக் கட்டையில் வைத்தார். பிறகு அசையவில்லை.

"ஆளு எம்புட்டு அசையாம கெடக்காரு பாத்தீயளா" என்று பின்னால் நின்ற ஒருவர் வியந்தார். அதையும் காதோடு காதாக. இந்த வருடம் கோப்பை மடவார் வளாகத்துக்குத்தான் என்றார் இன்னொருவர். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசையில்லாமல் போய்ப் படம் பிடித்தார். இவ்வளவு தெளிவாக ஒரு படம் அவருக்கு அதற்கு முன்னால் விழுந்ததில்லை.

அப்போதுதான் நவநீதகிருஷ்ணனின் மனைவி வெங்கடேஸ்வரி ஆட்டோவில் வந்து இறங்கினார். வெயிலுக்கு மோர் கொண்டு வந்திருந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தவர், சமுத்திரத்திடம் சொன்னார்: "அண்ணாச்சி, அவிய இப்பிடி அசையாம படுக்கமாட்டாவளே. காலு ஒரு மாதிரித் திரும்பிக் கெடக்கே."

சமுத்திரம் உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதிய தாயி. அவிய குறி வைக்காவ."

வெங்கடேஸ்வரி சத்தம் போடவில்லை. மோர்த் தூக்கைக் கையில் பிடித்தபடி, நேரம் முடிகிறவரை, சொன்ன இடத்தில் நின்றார்.

விசில் ஊதியதும் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்து எழுந்தார்கள். "மூணாம் நம்பர், டைம் முடிஞ்சிருச்சு" என்று சமுத்திரம் கண்டிப்பாகச் சொன்னார். திரும்பவும் சொன்னார். பிறகு கிட்டே போனார். குண்டு ஏறிய துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால் முதலில் குண்டை எடுக்க வேண்டும், மனிதரை அப்புறம்தான் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. விதிப்படியே செய்தார். துப்பாக்கியில் குண்டு ஏறும் அறையை மூடும் போல்ட்டைத் திறந்து, பத்தாவது குண்டை வெளியே எடுத்து, பாயின் ஓரத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் தோளைத் தொட்டார்.

"நான் கையை நீட்டினா எட்டுற தூரத்துல கெடந்தாரு" என்றார் டாக்டர் சாம்சன். "என் மூச்சை அடக்கி என் குறியப் பாத்துட்டு இருந்தேன். அவர் மூச்சை யாரு பாத்தா?"

முன்னாலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன்.

"அத மட்டும் கேக்காதீங்க. சமுத்திரம் என்ட்ட மாசத்துக்கு ஒருதரம் கேக்கான்."

கமிட்டி கூடியது. ஒன்பது குண்டிலேயே நவநீதகிருஷ்ணனுக்கு இரண்டாம் இடம் வந்திருந்தது. பத்தாவதையும் சுட்டிருந்தால் எங்கே வந்திருக்கும் என்று வெகுநேரம் ஆராய்ந்து, ஒரு கோப்பையை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அடுத்த வருடத்திலிருந்து அதே நாளில் 'நட்புமுறை நினைவுப் போட்டி'. மூன்றாம் பாய் காலியாக விரிக்கப்படும். அந்தப் பத்தாவது குண்டை ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்து பாய் மேல் வைத்து, போட்டி முடிந்ததும் திரும்ப எடுத்துப் பூட்டுவார்கள். வெங்கடேஸ்வரி வரமாட்டார். வருடம் தவறாமல் ஒரு பெரிய கேன் நிறைய மோர் மட்டும் அனுப்புவார். இஞ்சி தட்டிப் போட்ட நல்ல மோர் என்று எல்லோரும் குடிப்பார்கள். சமுத்திரம் இதுவரை குடித்ததில்லை.

"கருமாதிக்குப் போனேன் சார். 'நாந்தாம்மா ஒங்க வாய மூடுனேன்'னு சொல்லிரணும்னுதான் போனேன். காப்பி குடுத்தாவ. குடிச்சிட்டு வந்துட்டேன். பொறவு ரெண்டு மூணு தடவ மடவார் வளாகம் வரைக்கும் போயிருக்கேன். கோயிலச் சுத்திட்டுத் திரும்பிருவேன். சாமி வேற யாரையோ பாக்க வந்தவன்னு நெனச்சிருக்கும்." ஊசியைக் கொடியில் குத்தி வைத்தார். "நாளைக்கு அவியளே வாராவ. தலைவரு அழைச்சிருக்காரு. எப்பிடியும் சொல்லிரணும்."

"சொன்னால் என்ன சொல்லுவார்கள்?"

"என்னவும் சொல்லட்டும். ஏசட்டும். ஏசலைன்னாத்தான் பயமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டிருந்தார்கள். துப்பாக்கிக் கழகத்துப் பந்தலிலும் வாழைமரம் கட்டியிருந்தார்கள். வருகிறவர்களுக்குப் பன்னீர், சந்தனம், பால்கோவா. சந்தனம் தொட்ட விரலால் விசை அழுத்தினால் வழுக்குமா என்று இரண்டு உறுப்பினர்கள் ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள். நினைவுப் போட்டி என்பதால் யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. நட்புமுறைப் போட்டி என்பதால் யாரும் அழவும் இல்லை.

கழகத் தலைவருக்கு இந்த வருடம் ஒரு யோசனை வந்திருந்தது. அந்தப் பத்தாவது குண்டை வெங்கடேஸ்வரி கையாலேயே சுட வைத்துவிடுவது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேஜையில் துப்பாக்கியை வைத்து, சமுத்திரம் பிடித்துக்கொள்ள, அவர் விரலை மட்டும் வைத்தால் போதும். "அம்மா அதச் சுட்டுட்டாங்கன்னா ஒரு கணக்கு முடிஞ்சிரும் பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சமுத்திரத்திடம் சொன்னது வேறு: "ஏலே, இன்னைக்கு ஒரு நாள் ஒன் கால வச்சுக்கிட்டுச் சும்மா நில்லு. அந்தம்மா முன்னால எவனையாச்சும் எத்துன, விசிலக் கழட்டி வச்சிட்டு நேரா வீட்டுக்குப் போயிரு."

சமுத்திரம் தலையை ஆட்டினார். காலையிலிருந்து மூன்று சுற்றுப் போட்டி நடந்தது. வரிசையாகப் படுத்திருந்த கால்களின் பின்னால் அவர் நடந்தார். ஒவ்வொரு பாயிலும் நின்றார். ஷூ முனை தரையை விட்டு எழும், திரும்ப இறங்கும். இம்மானுவேல், தட்டு வராததால் தவித்துப்போய், தானாகவே மெதுவாக "இருக்கேன்" என்றார்.

வெங்கடேஸ்வரி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆட்டோவிலிருந்து முதலில் மோர்க் கேன் இறங்கியது, பிறகு அவர். ஐம்பது வயதைக் கடந்தவர். கதர்ச் சேலை, மூக்குக் கண்ணாடி. தலைவர் கும்பிட்டார், மாலை போட வந்தவரை வேண்டாம் என்று தடுத்தார், நேராகப் பந்தல் முகப்புக்கு அழைத்துப் போனார். அங்கே நவநீதகிருஷ்ணன் ஆள் உயர பிளெக்ஸில் படுத்திருந்தார்.

அன்று செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் எடுத்த அதே படம். கன்னம் கட்டையில், வார் முழங்கையில், கண் குறியில். அருமையான படம். கழகத்தில் யாருக்கும் அதைப் பார்த்து வேறு ஒன்றும் தோன்றியிருக்கவில்லை. டாக்டர் சாம்சன் மட்டும், காலையிலிருந்து அதற்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்.

வெங்கடேஸ்வரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"அன்னைக்கு எடுத்ததுதாம்மா. என்னமா வந்திருக்கு பாருங்க. இந்த மாதிரி ஒரு போஸு ஆருக்கும் அமையாது."

வெங்கடேஸ்வரி முகத்தைப் பார்க்கவில்லை. பிளெக்ஸின் இடது ஓரத்துக்கு நடந்து போய், படத்தின் காலைப் பார்த்தார். வலது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. குனிந்து, அந்த இடத்தை விரலால் தொட்டார். பிறகு நிமிர்ந்து, "குண்டு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மேஜை தயாராக இருந்தது. மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அவர் மேஜையைத் தாண்டிப் போய் மூன்றாம் பாயின் பக்கத்தில் நின்றார்.

"படுத்தே சுடுதேன்."

"அம்மா, நீங்க சிரமப்பட வேண்டாம்..."

"அவிய படுத்துத்தான சுட்டாவ?"

சமுத்திரம் தகரப் பெட்டியோடு வந்தார். அவ்வளவு கிட்டத்தில், நாலு வருடத்துக்கு அப்புறம், இரண்டு பேரும் நிற்கிறார்கள். சமுத்திரத்தின் உதடு பிரிவது தெரிந்தது.

"தாயி..."

"எப்பிடிப் படுக்கணும்னு சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெங்கடேஸ்வரி குப்புறப் படுத்தார். வாரைக் கட்டினார்கள். போல்ட்டைத் திறப்பது எப்படி, குண்டை ஏற்றுவது எப்படி, எடுப்பது எப்படி என்று சமுத்திரம் ஒவ்வொன்றாகக் காட்டினார். கன்னத்தைக் கட்டையில் வைக்கச் சொன்னார். மூச்சைப் பாதி விடச் சொன்னார். பிறகு பின்னால் வந்து, கொடி மேலே இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்துவிட்டு, எப்போதும் சொல்கிற குரலில் சொன்னார்:

"மூணாம் நம்பர். ஒரு குண்டு பாக்கி. சுடலாம்."

வெங்கடேஸ்வரி சுடவில்லை.

மலைப்பக்கம் எங்கோ மயில் கத்தி ஓய்ந்தது. போட்டோகிராபர் ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். கழகத்துக்காரர்கள் எல்லோரும் பழகிய மரியாதையில் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். "எம்புட்டு அசையாம..." என்று இம்மானுவேல் வாயெடுத்துவிட்டு, பாதியில் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வெங்கடேஸ்வரி அசையவில்லை. முதுகு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். சேலை மடிப்பில் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் சாம்சன் எழுந்து நின்றுவிட்டார். வெங்கடேஸ்வரியின் வலது பாதம் மெதுவாக, வெளிப்பக்கமாக, சாய்ந்தது.

தலைவர் சமுத்திரத்தைப் பார்த்து விரலை ஆட்டினார். அசையாதே என்று அர்த்தம்.

சமுத்திரம் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றித் தலைவர் கையில் கொடுத்தார். முழங்கால் போட்டு உட்கார்ந்தார். ஷூ முனையால் தட்ட வேண்டிய கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு அது ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதாகத் தெரிந்ததா, காலில் விழுவதாகத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

"இருக்கீயளா தாயி?"

தலையைத் திருப்பாமல், கட்டையில் வைத்த கன்னத்தை எடுக்காமல் வெங்கடேஸ்வரி சொன்னார்:

"சத்தம் போடாதிய. நான் குறி வைக்கேன்."

சமுத்திரம் பிடித்த கையை எடுக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் அந்த வார்த்தை யாருடையது என்று தெரியாது. எனக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. இதோ வெடிக்கும் என்று ஒவ்வொரு கணமும் காது காத்திருந்தது. வெடிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, சொல்லிக் கொடுத்தபடியே, வெங்கடேஸ்வரி போல்ட்டைத் திறந்தார். குண்டை வெளியே எடுத்தார். பாயின் ஓரத்தில் நிறுத்தி வைத்தார்.

எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"சுடலயாம்மா?" என்றார் தலைவர்.

"வரல. இருக்கட்டும்."

ஆட்டோவுக்கு நடந்தார். சமுத்திரம் பின்னாலேயே போனார். நானும் கொஞ்சம் தள்ளிப் போனேன். அது என் தொழில். அவர் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, "அன்னைக்கு நாந்தான் தாயி..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும் அண்ணாச்சி. நீங்க சொன்னிய." சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "பேசாம நின்னது நான்லா."

ஆட்டோ திரும்பி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஏறியது. மோர்க் கேன் பந்தலிலேயே நின்றது. அன்று யாரும் அதைத் திறக்கவில்லை.

பசி நேரம். அட்டைகளைப் போய்ப் பார்த்தால்தான் யாருக்குக் கோப்பை என்று தெரியும், கோப்பை கொடுத்தால்தான் சாப்பாடு. கொடி மட்டும் இறங்கவில்லை. "ஏலே சமுத்திரம், என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க, கொடிய எறக்கு" என்று தலைவர் விசிலை நீட்டினார். சமுத்திரம் விசிலை வாங்கிக்கொள்ளவில்லை.

"மூணாம் நம்பர்ல ஒரு குண்டு பாக்கி இருக்குல்லா மொதலாளி" என்று சொல்லிக்கொண்டே கம்பத்தடிக்குப் போனார். கயிற்றைப் பிடித்தார். கட்டியிருந்த முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.